கோல் கீப்பரின் பெயர்

படத்துக்குக் கீழே பெயர் எழுதித் தரக் கேட்டபோதே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் எப்போது சும்மா இருந்தது? எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள் இங்கே கனடாவில், மொன்றியலில் ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். போருக்கு முந்திய கடைசிப் பருவத்தில் விளையாடிய உதைபந்தாட்ட அணியின் படமும் அதில் வர வேண்டுமாம். நான்தானே கப்டன். “அண்ணை, பதினொரு பேர்தானே, அஞ்சு நிமிச வேலை” என்றான் மலர் போடுகிறவன். அஞ்சு நிமிச வேலையாம்! பத்துப் பெயரை உடனே எழுதிவிட்டேன். பதினோராவது, கோல் கீப்பரின் பெயர், மூன்று கிழமையாக வெறுமையாகக் கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்களுடையது சின்னக் கல்லூரி. பதினொரு பேரைச் சேர்ப்பதற்கே நாக்குத் தள்ளிவிடும். ஆறு சோடி பூட்ஸ்தான் இருந்தது, மற்றவர்கள் வெறுங்காலோடு ஓடினோம். உருப்படியான ஆட்டக்காரன் என்று ஒருவன் இருந்தான், அவன் கோல் கீப்பர். போட்டி பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு, அவனுக்கோ பத்தொன்பது தாண்டிவிட்டது. அவனுடைய தம்பியும் எங்களோடுதான் படித்தான். தொய்வுக்காரன், நாலு அடி ஓடினால் மூச்சு வாங்கும். தம்பியின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி அண்ணனை இறக்கினோம். அந்தக் காலத்தில் எல்லாக் கல்லூரிகளும் செய்த திருகுதாளம்தான். மாஸ்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டியலில் தம்பியின் பெயரை எழுதியவன் நான். என் கையெழுத்து அழகு என்று எனக்கு ஒரு பெரிய நினைப்பு.

நாலு ஆட்டம் வென்றோம். அரையிறுதியில் அவன் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தான். மறுநாள் பேப்பரில் கோல் கீப்பரைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள், தம்பியின் பெயரில். அதை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தோம். இறுதியாட்டத்தில் தோற்றோம். அதற்கும் அழுதோம், விசரர்கள்.

பருவம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். கோல் கீப்பர் மதில்களில் இயக்கத்தின் போஸ்டர் ஒட்டத் தொடங்கியிருந்தான். எவனோ ஒரு அறுவான் ஆமியிடம் போய், அந்தக் கல்லூரியின் கோல் கீப்பர்தான் ஒட்டுகிறான் என்று சொல்லிவிட்டான். பெயர் பேப்பரில் இருந்ததே. விடிய ஜீப் வந்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. தம்பியைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

அந்தப் பெயரால்தான் அவன் போனான் என்பதை இவ்வளவு காலமும் நானும் கோல் கீப்பரும் எங்களுக்குள்ளேயே வைத்திருந்தோம். அவன் இப்போது மொன்றியலுக்கு அக்கரையில், லொங்குய்யில் தாயோடு இருக்கிறான். கல்யாணம் கட்டவில்லை. தாய்க்குத் தொண்ணூறு நெருங்குகிறது. அந்த விடியலைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. ஆமி எந்தப் பெயரைக் கேட்டு வந்தது, அந்தப் பெயர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம்.

மலர் விஷயத்தைச் சொன்னதும் அவன் பிடிவாதமாக நின்றான். “என்ர பேரைப் போடு. நான்தான் விளையாடினனான் எண்டு அம்மாவுக்குத் தெரியட்டும். அவ என்னைப் பேசட்டும், அடிக்கட்டும். என்னால இனி ஏலாது.”

“விசர்க்கதை கதையாத. இந்த வயசில அந்த மனுசிக்கு இது தேவையோ?”

“நீ வா. தனியச் சொல்ல எனக்குத் துணிவில்லை.”

போனேன். வீட்டிலிருந்து மெற்றோ ரயில் மாறி மாறிப் போகும்போது, பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தால் நல்லது என்று உண்மையாகவே நினைத்தேன். கோழை.

தாய் குசினி மேசையில் இருந்தார். படத்தை முன்னால் வைத்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அம்மா, இதில நான் தம்பியின்ர பேரில…” என்று தொடங்கினான்.

“தெரியும்” என்றார் தாய்.

அவர் படத்தைப் பார்த்தபடியே சொன்னார். “பேப்பரை எனக்கு வாசிச்சுக் காட்டினதே சின்னவன்தான். ஆமிக்காரன் வாசலில நிண்டு, கோல் கீப்பர் எண்டு அவன்ர பேரைச் சொல்லிக் கேட்டான். சின்னவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இவனில்லை, மூத்தவன் எண்டு நான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. பேந்து சின்னவனே, ஓம் நான்தான் எண்டான்.”

கோல் கீப்பர் எழுந்து சுவரோடு போய் நின்றான். அவன் தோள்கள் குலுங்கின. தாய் அவன் பக்கம் திரும்பவில்லை.

“அம்மா, இப்ப சரியான பேரைப் போடுவம்” என்றேன்.

“வேண்டாம் தம்பி. சின்னவன்ர பேர் அச்சில வந்தது அந்த ஒரு முறைதான். கல்லறையும் இல்லை. அதையும் அழிச்சுப் போடாதேங்கோ.”

பேனையை எடுத்தேன். அழகான கையெழுத்தெல்லாம் போய்விட்டது. அன்று பட்டியலில் எழுதிய அதே பெயரை, அண்ணனின் முகத்துக்குக் கீழே, இரண்டாவது முறையாக எழுதினேன். எழுதி முடிக்கும் வரைக்கும் தாய் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.