சனிக்கிழமைச் சமாதானம்

பிள்ளைகளே, மன்னிப்பைப் பற்றி உங்களுக்கு நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அது எப்படி நடந்தது என்று எழுதிவைக்கிறேன்.

அப்போது காக்ஸ் டவுனில் குடியிருந்தோம். நான் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் தம்பி, அதாவது உங்கள் சித்தப்பா, நாலு வீடு தள்ளி இருந்தான். எங்கள் அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைக்குக் குடித்துவிட்டு வந்தான். "எங்கம்மாவுக்குச் சோறு போடாம சாவடிச்சவ இவதான்" என்று, சபையார் எல்லோர் முன்னாலும் உங்கள் அம்மாவைக் கை காட்டினான். ஏழு மாதம் எங்கள் அம்மாவின் நோய்ப் படுக்கையை அலசிப் போட்டவள் உங்கள் அம்மா. அன்றோடு பேச்சு நின்றது.

நம் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்குவோம். முந்தின நாள் சாயங்காலம் உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது பகை இருந்தால் அவர் பேர் எழுத மாட்டார். அதனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் தம்பியும் அவர் மேசைக்கு முன்னால் கை குலுக்குவோம். "சமாதானம்" என்பேன். அவனும் "சமாதானம்" என்பான். திங்கட்கிழமை தெருவில் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவோம்.

அதைப் பார்த்தே வளர்ந்தீர்கள். ஒருநாள் மூத்தவளின் சிலேட்டைச் சின்னவன் உடைத்தான். மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்படி அவளிடம் சொன்னேன். "சரிப்பா, மன்னிச்சுட்டேன். நாளைக்கு இவனை என்ன பண்றேன் பாரு" என்றாள். "அப்பனைப் போலவே பொண்ணு" என்று உங்கள் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

பிறகு தம்பி குடியை விட்டான். எட்டு மாதமாகத் தொடவில்லை என்று தெருவே சொன்னது. நான் நம்பவில்லை. ஒரு புதன்கிழமை காலை, மில்லுக்குக் கிளம்பிச் சைக்கிளை எடுக்கும்போது வாசலில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அன்னிக்கு நான் பேசினது பேச்சே இல்ல."

"என்னடா காலங்காத்தால பேஜாரு? மில்லுல சங்கு ஊதிட்டான்."

"ரெண்டே நிமிஷம்ணா. மனசு தாங்கல."

"சனிக்கிழமை உபதேசியார்கிட்ட வா. அங்க சொல்லு."

உங்கள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவன் போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை அவன் வரவில்லை. "தம்பி எங்கப்பா?" என்று உபதேசியார் கேட்டார். "நாங்க சமாதானமாயிட்டோம் ஐயா" என்று பொய் சொல்லிப் பேர் கொடுத்தேன். மறுநாள் அப்பத்தையும் வாங்கினேன். அடுத்த வாரம் அவன் வீட்டைக் காலி செய்துகொண்டு, மாமனார் இருந்த கோலார் தங்கவயலுக்குப் போனான்.

போன வருஷம் உங்கள் அம்மாவோடு அங்கே போனேன். காபி கொடுத்தான். மறுபடி குடிக்கிறான் என்பது பக்கத்தில் உட்கார்ந்ததுமே தெரிந்தது. "அன்னிக்கு உன்னை உள்ள விட்டிருக்கணும்டா. மன்னிச்சுடு" என்றேன்.

"மன்னிச்சுட்டேன்ணா" என்றான், உடனே, தலையைக்கூடத் தூக்காமல்.

உங்கள் அம்மாதான் கேட்டாள். "தம்பி, எங்கிட்ட ஏதோ சொல்ல வந்தீங்களாமே?"

"வந்தேன் அண்ணி. அன்னிக்கு மனசுக்குள்ள இருந்தது. இப்ப இல்ல."

கிறிஸ்துமஸுக்குச் சித்தப்பா வருவாரா என்று நீங்கள் கேட்டபோது, அவருக்கு வேலை இருக்கிறது என்றேன். வேலை ஒன்றும் இல்லை, பிள்ளைகளே. ஆண்டவர் என்னை மன்னிப்பார் என்று நம் சபை ஐயர் சொல்கிறார், மன்னிக்கலாம். உங்கள் அம்மா மட்டும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமலேயே இருக்கிறாள். அதைச் சொல்ல அன்று வாசலில் வந்து நின்ற ஆளாக அவன் இப்போது இல்லை.