காத்திருப்பு அறையில் எட்டுப் பேர்

அம்மா இறந்து ஆறாவது நாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு அம்மாவின் மடிக்கணினி சாப்பாட்டு மேசையிலிருந்து 'டிங்' என்றது. சார்ஜில் போட்டது போட்டபடி கிடந்தது. அதை மூடிவைக்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. மகள் எட்டிப் பார்த்தாள். திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி: காத்திருப்பு அறையில் ஒருவர் இருக்கிறார். மறுபடி டிங். இருவர். பத்தே காலுக்குள் எட்டுப் பேர்.

"யாரு?" என்றார் அப்பா, அடுப்படியிலிருந்து.

"அம்மாவோட சனிக்கிழமை ஆளுங்க."

"அவங்களுக்குச் சொல்லியாச்சேடி. நான்தானே எட்டு வீட்டுக்கும் போன் போட்டேன்."

சொல்லியாகிவிட்டது. அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் பத்து மணிக்கு விரல் தன்பாட்டுக்குப் போயிருக்கிறது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 'உள்ளே விடு' என்ற பட்டனை அழுத்தவில்லை. பதினொன்றுக்கு ஒவ்வொரு பெயராக மறைந்தது. கடைசிப் பெயர் மறைய பதினொன்றே கால் ஆனது.

அம்மா முதலில் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். எந்த வார்டுக்கு எந்த எண் என்பது தூக்கத்தில் கேட்டாலும் வரும். பிறகு தானாக இணைக்கும் இயந்திரம் வந்தது. அவள் நாற்காலி போயிற்று. 'கொஞ்ச நாளைக்கு இங்கே இரு' என்று மாடிப்படிக்குக் கீழே இருந்த பேச்சுப் பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் இருபத்தாறு வருடமானது. நடுவில் அதற்கான படிப்பையும் அஞ்சல்வழியில் முடித்துவிட்டாள். ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு கட்டுப் படஅட்டை, இரண்டு நாற்காலி. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்கள் அங்கே வருவார்கள். சொல்ல நினைப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். சொல்தான் வாய்க்கு வராது. சிலருக்கு எழுத்தும் சேர்ந்து போயிருக்கும். அவர்கள்தான் அவளுக்குப் பேச்சம்மா என்று பெயர் வைத்தார்கள். ஓய்வுபெற்ற பிறகும் எட்டுப் பேரை அவளால் விட முடியவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்திருந்த கணக்கிலேயே வாரம் ஒருமுறை இணையத்தில் கூட்டினாள்.

மகளுக்கு வேலையே இணையக் கூட்டங்கள்தான். ஒரு நிறுவனத்தின் உதவிப் பிரிவில் பதினோரு வருடம். கூட்டம் திறக்கவில்லை, யாரையும் உள்ளே விட முடியவில்லை, அனுமதி இல்லை என்கிறது என்று வருகிற புகார்களைத் தீர்ப்பாள். அதனால் அம்மாவுக்கும் அவளுக்கும் சனிக்கிழமைதோறும் ஒரு சண்டை உண்டு. அம்மா எட்டுப் பேரையும் ஒன்றாக உள்ளே விடமாட்டாள். ஒருவரை விடுவாள். அவரோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசுவாள். பிறகு அவரைக் கூட்டத்துக்குள்ளேயே இன்னொரு அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்தவர். எல்லோரும் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

"எல்லாரையும் அனுமதின்னு ஒரு பட்டன் இருக்கும்மா. ஒரே அழுத்து."

"எனக்கும் கண்ணு இருக்கு. பாத்தேன்."

"அப்புறம் ஏன் இப்படி மாவாட்டுற?"

"எட்டுப் பேர் முன்னாடி வாய் குழறினா மானம் போகும். என் ஒருத்தி முன்னாடி குழறினா என்ன? அங்கே குழறி முடிச்சுட்டுத்தான் கூட்டத்துக்கு வரணும். நீ உன் பட்டனைப் பாரு."

இரண்டாவது சனிக்கிழமையும் டிங் டிங் என்று எட்டுப் பேர். இந்த முறை மகளுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் கணக்கு திறந்தே இருந்தது. எல்லாரையும் அனுமதி என்பதை அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் உறைத்தது. அங்கே எட்டுத் திரைகளிலும் இப்போது தெரிவது அம்மாவின் பெயர். அம்மாவின் புகைப்படம், அந்த நீலச் சேலையில், பல் தெரியச் சிரிக்கிற படம்.

"ரைட்!" என்று ஒரு குரல் கத்தியது. பேருந்து நடத்துநராக இருந்தவர். பேச்சு போனபோது அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிஞ்சியது. "ரைட்! ரைட்! ரைட்!"

இன்னொரு பெட்டியில், தையல்காரியாக இருந்ததால் எல்லோரும் டெய்லரக்கா என்று கூப்பிடுகிறவர், இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மகள் அவசரமாகக் கேமராவைப் போட்டாள். "நான்... பொண்ணு. மன்னிச்சுக்கங்க. பேரை மாத்த மறந்துட்டேன்."

பதினோரு வருடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கும் அவள் இப்படி ஒரு பிழை செய்ததில்லை. நடத்துநர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, வேறொரு தொனியில், "ரைட்டு" என்றார். அது போதும் என்று அர்த்தமா, போய்விட்டாள் என்று அர்த்தமா, அவளுக்குப் புரியவில்லை.

திங்களன்று கூட்டத்தைத் தன் பெயருக்கு மாற்ற உட்கார்ந்தாள். தன் கணக்கிலிருந்து முயன்றபோது, 'உங்களுக்கு அனுமதி இல்லை, ஏற்பாட்டாளரைத் தொடர்புகொள்ளவும்' என்றது. அம்மாவின் கணக்கிலிருந்து தன்னைத் துணை ஏற்பாட்டாளராகச் சேர்க்கப் பார்த்தாள். நிறுவனத்துக்கு வெளியே உள்ளவரைச் சேர்க்க முடியாது என்றது. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்தாள். சிஸ்டம் சார் என்று அம்மா சொல்லும் மனிதர் எடுத்தார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா," என்றார். "மேடத்தோட அக்கவுண்டை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடணும். மேலிடத்து உத்தரவு. ரிடையர் ஆனப்பவே மூடியிருக்கணும். வருஷா வருஷம் ஒரு ஃபாரம் வரும், ஏன் இன்னும் மூடலைன்னு. நாலு வருஷமா 'தேவைப்படுகிறது'ன்னு எழுதி அனுப்பிட்டிருந்தேன். இப்ப எப்படி எழுதறது?"

"கூட்டத்தை மட்டும் வேற ஆள் பேருக்கு மாத்த முடியாதா சார்?"

"நீங்க இதே வேலையிலதானே இருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கே தெரியுமே."

"தெரியும் சார். கேட்டுப் பாத்தேன்."

கணக்கு போனால் கூட்டமும் போகும். அந்த இணைப்பு எதையும் திறக்காது. இதற்கு உதவிப் பிரிவில் ஒரு எழுதி வைத்த பதில் உண்டு: புதிய கூட்டத்தை உருவாக்கி, புதிய இணைப்பை எல்லோருக்கும் அனுப்பவும். அதை எழுதியவளே மகள்தான். இரண்டு நிமிட வேலை. ஆனால் அனுப்பினால் யார் படிப்பது? எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு எழுத்து கிடையாது. சனிக்கிழமை காலையில் வீட்டு ஆட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். போனில் ஓர் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு சின்னத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அதைப் பழக்கவே அம்மாவுக்குச் சிலரிடம் ஏழு வாரம் பிடித்தது.

மகள் நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

"வீடெல்லாம் எனக்குத் தெரியும்," என்று அப்பா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "எல்லா வீட்டு வாசல்லயும் நின்னிருக்கேன். 'அஞ்சு நிமிஷம்'னுட்டு உள்ளே போவா. நான் பேப்பர்ல வரி விளம்பரம் வரைக்கும் படிச்சு முடிச்சிருப்பேன்."

"நீங்க உள்ளே போனதே இல்லையா?"

"வண்டிக்கு யாரு காவல்? உன் தாத்தாவா?"

முதலில் நடத்துநர் வீடு. இரண்டாவது மாடி, ஒரு அறையும் ஒரு சமையலறையும். அவர் மனைவி சலவைக் கடையில் வேலை பார்ப்பவர், அன்று அரைநாள் தாமதமாகப் போவதாகச் சொல்லிக் காத்திருந்தார். நடத்துநர் போனை நீட்டினார். கண்ணாடியின் ஓரத்தில், ஒரு சின்னத்துக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு பொட்டு. நகப்பூச்சு.

"அவங்க வெச்சது," என்றார் மனைவி. "அழியும். மறுபடி வந்து வெச்சுட்டுப் போவாங்க. நான் வேணும்னா வெக்கிறேனேன்னேன். நீ கோணலா வெப்பேன்னுட்டாங்க."

அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு நகப்பூச்சுப் புட்டி இருந்தது. அம்மா நகத்தில் பூசி மகள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் புதிய இணைப்பை ஏற்றினாள். பழைய சின்னத்தை அழிக்க விரலை வைத்தாள். நடத்துநர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "ரைட்! ரைட்!" என்று முகம் சிவக்கக் கத்தினார்.

"வேண்டாங்கறார்," என்றார் மனைவி.

"இது வெள்ளிக்கிழமையோட வேலை செய்யாதுங்க. இருந்தா குழப்பம்."

"அவருக்குத் தெரியும்மா. அது அவங்க வெச்சுக் கொடுத்தது."

செத்த சின்னத்தை ஒருவர் திரையில் விட்டு வருவது மகளின் தொழிலில் அரைகுறை வேலை. ஆனாலும் அவள் அழிக்கவில்லை. பழையதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாள். பொட்டுக்குப் பக்கத்தில் புதியதை வைத்தாள். பிறகு நடத்துநரைத் தொடச் சொல்லி, வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்து தன் மடிக்கணினியில் அவரை உள்ளே விட்டாள். ஒன்பது முறை. ஒன்பதாவது முறை அவர் அவளைப் பார்க்காமலேயே தொட்டார்.

எட்டு வீட்டிலும் பழையதை அழிக்கவில்லை.

வியாழன் மதியம் கடைசியாக டெய்லரக்கா வீடு. முன்னறையில் வெட்டு மேசை. வலது கை மடியில் சும்மா கிடந்தது. இடது கையால் ஒரு சட்டைக்குப் பட்டன் நுழையும் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். சொல் ஒவ்வொன்றாக வரும் அவருக்கு, நடுவில் பள்ளம் விழுந்த ரோடு மாதிரி.

"அம்மா... எப்படி... உள்ளே... தெரியுமா?"

"ஒவ்வொருத்தரா விடுவாங்க."

"வரிசை?"

அது மகளுக்குத் தெரியாது. முதலில் வந்தவர் முதலில் என்றுதான் நினைத்திருந்தாள். டெய்லரக்கா துணி குறிக்கும் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். மேசையில் ஒரு கட்டம் போட்டார். அதற்குள் ஒரு கோடு. "நான்... முதல்." வெளியே ஏழு கோடு. அதில் ஒன்றை நீளமாக இழுத்து, "கண்டக்டர்... கடைசி," என்றார்.

"ஏன்?"

"நாங்க... இருந்தா... சிரிப்பார். தனியா... அழுவார்."

அம்மா இதையெல்லாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. மகள் போனில் வரிசையைக் குறித்துக்கொண்டாள். பிறகு, யோசித்து வைக்காத ஒன்றைக் கேட்டாள்.

"அக்கா, நீங்க துணை ஏற்பாட்டாளரா இருக்கீங்களா? நான் இல்லேன்னாலும் நீங்க ஆளுங்களை உள்ளே விடலாம்."

"நானா?" டெய்லரக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு... பேச்சே..."

"பேச வேண்டாம். பட்டனை அழுத்தினாப் போதும்."

"பட்டன்," என்று காஜாவைத் தூக்கிக் காட்டினார். "முப்பது... வருஷம்."

வெளியே வந்தபோது அப்பா செய்தித்தாளை மடித்து வண்டி மேல் வைத்திருந்தார். "வரி விளம்பரம் முடிஞ்சு ராசிபலனும் முடிஞ்சுது," என்றார். பிறகு, வண்டியைக் கிளப்பாமல், "அவளும் இவ்ளோ நேரம்தான் ஆக்குவா," என்றார்.

வெள்ளிக்கிழமை ஐந்து பத்துக்கு சிஸ்டம் சார் கூப்பிட்டார்.

"மூடிட்டேம்மா."

"சரி சார்."

"காரணம்னு ஒரு கட்டம். 'பணி நிறைவு'ன்னு போட்டேன். சரிதானே?"

"சரிதான் சார்."

இரண்டு பேரும் உடனே போனை வைக்கவில்லை.

சனிக்கிழமை. மகள் ஒன்பதரைக்கே தன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்துவைத்தாள். புதிய கூட்டம், ஏற்பாட்டாளர் அவள். எட்டுப் பேரும் வருவார்களா என்பது மட்டும்தான் கேள்வி. பழைய சின்னத்தைத் தேடிப்போய்த் தொட்டு, எதுவும் திறக்காமல் ஒருவர் நின்றுவிட்டாலும் அந்த ஒருவரை இழந்ததாகத்தான் அர்த்தம். பத்து மணிக்கு டெய்லரக்கா. உள்ளே விட்டாள். பிறகு ஒன்று, இரண்டு என்று டிங் வந்தது. வரிசைப்படி விட்டாள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும் என்று நினைத்தாள். "வணக்கம், சத்தம் கேக்குதா?" என்பதற்கு மேல் அவளுக்கு ஓடவில்லை. பத்து நாற்பதுக்கு ஏழு பேர். நடத்துநரைக் காணோம்.

பத்து நாற்பத்திரண்டுக்குக் கரண்ட் போயிற்று. வைஃபையும் போயிற்று. திரை உறைந்து நின்றது.

அவள் போனை எடுத்து இணைப்பைத் தொட்டாள். போனில் அவள் தன் கணக்கில் நுழைந்திருக்கவில்லை. கூட்டத்துக்கு அவள் இப்போது யாரோ ஒருத்தி. வெள்ளைத் திரையில் ஒரே வரி: ஏற்பாட்டாளர் உங்களை உள்ளே விடும்வரை காத்திருக்கவும். கணக்கில் நுழையப் போனால் குறுஞ்செய்தியில் ஓர் எண் வர வேண்டும். அது வரவில்லை.

"என்னாச்சு?" என்றார் அப்பா.

"வெளியே நிக்கிறேன்பா."

"யாரு உள்ளே விடணும்?"

"டெய்லரக்கா."

"விடுவாங்களா?"

"தெரியல."

அப்பா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம். நான்கு நிமிடம். மகள் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணையப் போகும்போதெல்லாம் அப்பா விரலை நீட்டி ஒருமுறை தொட்டார். ஆறாவது நிமிடம் திரை திறந்தது.

எட்டு முகங்கள். எட்டாவது நடத்துநர். கண்ணெல்லாம் ஈரம், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏன் இவ்ளோ நேரம்? நான் வந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுது," என்றார் டெய்லரக்கா. "கண்டக்டர்... உனக்கு முன்னாடி... வந்தார். அவரோட... பேசணும்ல."

யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எட்டுப் பேரும் அவள் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்த அவரைப் பார்த்தார்கள். அவர் நகர்ந்துகொள்ளவில்லை.

"இப்ப... நீ," என்றார் டெய்லரக்கா. "எப்படி... இருக்கே?"

நன்றாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் மகள் வாயைத் திறந்தாள். ஊரே கேட்டபோது இருபது நாளாக அதைத்தான் சொல்லியிருந்தாள். அது வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. நடத்துநர் போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டார். டெய்லரக்கா ஊசியைத் துணியில் குத்தி ஓரமாக வைத்துவிட்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா," என்றாள் மகள்.

"ம்," என்றார் டெய்லரக்கா.