வேலூர்க் காவிரியில் ஒரு கடல் வானம்

ஈரச் சாக்கின் வாசனை எட்டியதும் தரங்கம்பாடி நினைவு வந்துவிட்டது. சேலத்தில் ஆறு மணிக்குக் கிளம்பிய கரூர் பேருந்தில், முன் இருக்கைக்கு அடியில் யாரோ வெற்றிலைக் கட்டை நனைந்த சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியில் படகு நிழலில், இதே வாசனைக்குள் உட்கார்ந்துதான் என் மனைவி நசீமா ஆண்டுதோறும் கடலை நீர்வண்ணத்தில் வரைவாள். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளாகத் தூரிகையைத் தொடவில்லை. கடல் தூரம். காவிரி எழுபத்தைந்து கிலோமீட்டர்தான்.

“இன்னைக்குப் படம் வரலைன்னா தூரிகையெல்லாம் பெட்டியோட யாருக்காவது குடுத்துடுவேன். நீங்க சமாதானம் சொல்லக்கூடாது” என்றாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீட்டைப் பூட்டும்போதே இதற்குச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எட்டு மணிக்குப் பரமத்தி வேலூர். ஆற்றுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். மாசி வெயில் அதற்குள் மணலில் ஏறியிருந்தது. காவிரி அகலமாக, எந்த அவசரமும் இல்லாமல் கிடந்தது. எதிர்க்கரைத் தென்னைகள் பென்சில் கோடாகத் தெரிந்தன.

நசீமா தாளை நனைத்து வானத்தைத் தொடங்கினாள். நீலம் பரவும் முன்பே பாதியில் காய்ந்து, கறைபோல் விளிம்பு கட்டி நின்றது. இரண்டாவது தாளும் அப்படியே. கடற்கரையில் அவளுடைய வானம் தானாக இறங்கும்.

“கண்ணு சொல்றது கைக்குக் கேக்கல” என்று தூரிகையைக் கழுவத் தொடங்கினாள். நான் வாக்குக் கொடுத்தவன். மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையை ஒட்டிய வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து அதன் சொந்தக்காரப் பெண் சரசு எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, வடகமாட்டம் காயறீங்களே. உள்ள வாங்க சாமி. செருப்பை மட்டும் வெளிய உட்டுட்டு வாங்க, கொடிக்கு ஆகாது.”

வெறுங்காலுடன் நுழைந்தோம். அகத்தி மரங்களில் ஏறிய கொடிகள், இடையிடையே வாய்க்கால், பாதத்தில் குளிர்ந்த சேறு. மூச்சே ஈரமாக இருந்தது. கொடி வரிசைகளின் நடுவே ஆறு ஒரு துண்டு தெரிந்தது. சும்மா இருக்க மாட்டாமல், நசீமா கெட்டுப்போன தாளைத் திருப்பி அதன் பின்பக்கம் நீலத்தை வைத்தாள். அது நிற்கவில்லை. மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “காத்துங்க. கடல் காத்துக்குப் பழகின கை, இந்த வறண்ட வெயில்லயும் அதே அளவு தண்ணியைத் தொட்டிருக்கு. கண்ணுல ஒண்ணும் இல்ல.” பிறகு அடுத்த தாள் கேட்டாள்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வாய்க்கால் ஓரமாகவே சுற்றிக்கொண்டிருந்தேன். சரசுவும் வெற்றிலை கிள்ளியபடி வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டு மாடியிலும் வெயில் உண்டு, வானம் உண்டு. இனி அங்கேயும் அவள் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வாள் என்று தோன்றியது.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். சரசு படத்தை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“இதுல நான் எங்கீங்க?”

“நீங்க நடந்துக்கிட்டே இருந்தீங்க, எப்படி வரையறது? அடுத்த வாரம் வர்றேன், ஒரு எடத்துல நில்லுங்க” என்றாள் நசீமா.

“நின்னா வெத்தலைய யாருங்க கிள்றது? நீங்க வாங்க. நான் நடக்க நடக்க வரைஞ்சு பழகிக்குங்க.”