பார்லிமெண்டுக் கடை ஜெயபாய்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் வாசலுக்கு எதிர்த்த தெருவில் ஜெயபாய் இட்லிக்கடை வைத்திருந்தாள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் எந்த ரிக்‌ஷாக்காரரைக் கேட்டாலும் பார்லிமெண்டுக் கடை என்று சொல்லி வழி காட்டிவிடுவார். அந்தப் பெயரை வைத்தவன் சங்கையா. மில்லில் வேலை பார்த்தான், யூனியனில் பொறுப்பில் இருந்தான். இரவு ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து உட்கார்ந்ததும், "பார்லிமெண்டு இன்னைக்கு என்ன சொல்லுது யக்கா?" என்று ஆரம்பித்து வைப்பான்.

ஜெயபாய் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எழுத்துக் கூட்டாமல் பேப்பர் வாசிப்பாள். கூட்டம் சற்றுத் தணிந்ததும் சட்னிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேப்பரை விரிப்பாள். சாப்பிடுகிறவர்கள் காது கொடுப்பார்கள். பாதிச் செய்தியில் நிறுத்தித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுத்தான் மீதியை வாசிப்பாள். பீரங்கி வாங்கியதில் ஊழல் என்று நாடே பேசிக்கொண்டிருந்த காலம். "பீரங்கில எவன் தின்னான்னு பாக்க எதுக்கு கமிட்டி? ரேசன் கடைல எடை குறைஞ்சா நாம கமிட்டியா போடுதோம், சட்டையத்தான பிடிக்கோம்" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது.

அவளுடைய புருஷன் காசிராஜனும் அதே மில்லில்தான் வேலை பார்த்தார். வீட்டில் பேச்செல்லாம் அவளுடையது, கேட்பதெல்லாம் அவருடையது. அதில் இருவருக்கும் குறை இருந்ததில்லை.

எதைப் பற்றிப் பேசினாலும் ஜெயபாய் கடைசியில் சட்டத்தில் வந்துதான் நிற்பாள். சட்டம் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை என்பது அவள் கட்சி. வரதட்சணைச் சாவுக்குப் புதுச் சட்டம் வந்த செய்தியை இரண்டு தரம் வாசித்தாள். "கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள்ள ஒரு பிள்ளை தீயில செத்தா இனிமே புருசன் வீட்டுக்காரந்தான் பதில் சொல்லணுமாம். தீப்பெட்டிய எடுக்கதுக்கு முந்தி யோசிப்பான்லா" என்றாள். அன்று முழுக்க அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

எண்பத்தி ஏழில் ராஜஸ்தானில் புருஷனின் சிதையோடு ஓர் இளம்பெண் எரிந்துபோன செய்தி வந்தது. சுற்றி நின்ற ஊர், அவளைத் தெய்வம் என்று கும்பிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது. அந்த வாரம் கடையில் வேறு பேச்சே இல்லை. சங்கையா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்று பேசினான். "வேடிக்கை பாத்தவன் அம்புட்டுப் பேரையும் தூக்குல போடணும். மனுசனாடா நீங்க?" லாரி ஓட்டும் மொக்கைச்சாமி ஆமா ஆமா என்று தலையாட்டினான். "நம்ம பக்கம்னா விட்டிருப்பமா?" என்றான். ஜெயபாய்க்கு அவர்களைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. படிக்காத ஜனங்கள்தான், ஆனாலும் இவர்களிடம் நியாயம் இருக்கிறது என்று நம்பினாள்.

ஜெயபாயின் பக்கத்து வீட்டில் பெத்தம்மாளும் அவள் மகன் தங்கச்சாமியும் இருந்தார்கள். தங்கச்சாமி அதே மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் கூமாப்பட்டி கருத்தையாவின் மூத்த மகள் சண்முகத்தாய். மெலிந்த பெண். ஒரு கைக்குழந்தை இருந்தது. மத்தியானத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கச் சுவரோரம் வந்து நிற்பாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தைச் சொன்னாள். பிளவக்கல் அணைத் தண்ணீர் பாய்கிற வயலை மகளுக்கு எழுதி வைப்பதாகக் கருத்தையா வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார். எழுதவில்லை. அவருக்கு இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்த வயலுக்காகத்தான் தினமும் ஏச்சு, அடி.

"சட்டம் இருக்குட்டி. வா, ஸ்டேசனுக்கு நான் கூட வாரேன்" என்றாள் ஜெயபாய்.

"வேண்டாம் அத்தை. போயிட்டு வந்து நான் இந்த வீட்லதான படுக்கணும்."

ஜெயபாய் மறுபடியும் சட்டத்தைத்தான் விளக்கினாள். சண்முகத்தாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, குழந்தைக்கு ஓர் இட்லி வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த பங்குனியில் ஒரு நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடையில் சங்கையாவும் மொக்கைச்சாமியும் மட்டும் இருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட அலறல் மனிதக் குரல் மாதிரியே இல்லை. மூவரும் கொல்லைப்பக்கமாக ஓடினார்கள். சமையல்கட்டுக் கதவின் இடுக்கு வழியாகப் புகை வந்தது. கதவு வெளிப்பக்கம் கொண்டி மாட்டியிருந்தது. சங்கையாதான் கொண்டியைத் தட்டிவிட்டான். மொக்கைச்சாமி சாக்கை நனைத்துக்கொண்டு வந்து போர்த்தினான். ஸ்டவ் மேடைமேல் அப்படியே இருந்தது. பதற்றத்தில் அதன்மேல் கை ஊன்றிய ஜெயபாய்க்கு அது சில்லென்று பட்டது. பெத்தம்மாள் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "ஸ்டவ் வெடிச்சிருச்சே" என்று தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சண்முகத்தாய் மூன்று நாள் கிடந்தாள். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் எழுதினார். ஸ்டவ் வெடித்துவிட்டது என்றுதான் சொன்னாள். அதற்குச் சற்று முன்புதான் பெத்தம்மாள் குழந்தையைக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் காட்டிவிட்டு வந்திருந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஜெயபாய்க்கு அது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

அவள் செத்த பிறகு ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வந்தபோது தெருவே கூடி நின்றது. ஜெயபாய் கொண்டியைப் பற்றிச் சொன்னாள். சங்கையாவும் சொன்னான். மொக்கைச்சாமியும் ஆமென்றான். கருத்தையா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தங்கச்சாமியையும் பெத்தம்மாளையும் போலீஸ் கூட்டிப்போனது. அன்று சாயங்காலம் ஜெயபாய் காசிராஜனிடம், "பாத்தீகளா, சட்டம் வந்துட்டு" என்றாள்.

அவர், "நீ பாத்ததச் சொல்லிட்ட. பொறவு வாரதப் பாப்போம்" என்றார்.

இரண்டு பேரும் ஜாமீனில் வந்தார்கள். தங்கச்சாமி மறுபடியும் வேலைக்குப் போனான். கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய் வாய்தா வாய்தா என்று கிடந்தது. ஒரு வருஷம் வரைக்கும் தங்கச்சாமியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், அடுத்த வருஷம் அவனோடு நின்று பீடி பற்ற வைத்தார்கள். அதன் பிறகு, "பாவம், பொம்பள இல்லாத வீடு" என்றார்கள். கருத்தையா தம் இரண்டாவது மகள் சந்தனத்தை அதே தங்கச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தபோது, தெருக்காரர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கல்யாணத்தன்று கடைக்கு வந்த கருத்தையா ஜெயபாயின் முகத்தைப் பார்க்கவில்லை. "பேத்தி அந்த வீட்ல கெடக்குதும்மா. யார் பாப்பா? வெளியாளு வந்தா அதுக்குச் சோறு போடுவாளா? மூத்தவ செத்த விதம் தெரிஞ்சு இளையதுகளுக்கும் ஒருத்தனும் கேட்டு வரல. நான் என்ன செய்யட்டும்?" அந்தக் கூமாப்பட்டி வயலையும் இந்தத் தடவை எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஜெயபாய் அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள்.

தொண்ணூற்றி ஒன்றில், தேர்தல் ஆரவாரமெல்லாம் ஓய்ந்த பிறகு, கேஸ் விசாரணைக்கு வந்தது. முந்தின வாரம் சங்கையா கடைக்கு வந்து மூலை பெஞ்சில் உட்கார்ந்தான்.

"யக்கா, நான் கதவைப் பாக்கலன்னு சொல்லப் போறேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க."

"கொண்டியத் தட்டிவிட்டது நீதான தம்பி?"

"பெத்தவரே விட்டுட்டாரு. அவன் கூட நான் தெனமும் ஒரே டிப்பார்ட்மெண்டுல நிக்கணும். அவன் சொந்தக்காரனுக யூனியன்ல எம்புட்டுப் பேரு தெரியும்லா?"

"ராஜஸ்தான்காரன் அம்புட்டுப் பேரையும் தூக்குல போடணும்னியே."

சங்கையா எரிச்சலாக நிமிர்ந்தான். "அது வேற யக்கா. அது நாட்டு விசயம். இது தெரு விசயம்."

அவன் போன பிறகும் அந்தச் சொல் அவள் காதிலேயே நின்றது. இத்தனை வருஷம் தன் கடையில் உட்கார்ந்து இவர்கள் பேசினது அவ்வளவும் எதைப் பற்றி என்று யோசித்தாள். தூரத்தில் நடந்தால் நியாயம் பேசுவதற்கு ஒரு செலவும் இல்லை. அவளும் அவர்களுக்கு அந்தத் தூரத்துச் செய்தியைத்தான் தினமும் இட்லியோடு பரிமாறியிருக்கிறாள்.

கோர்ட்டில் கருத்தையா, என் மகளும் மருமகனும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள் என்றார். மொக்கைச்சாமி, அன்று லாரியில் கேரளாவுக்குப் போயிருந்தேன் என்றான். சங்கையா கதவு திறந்துதான் இருந்தது என்றான். ஒவ்வொருவரும் இறங்கி வரும்போது ஜெயபாயைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. ஒருவரும் நிமிரவில்லை.

அவள் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். மதுரையிலிருந்து வந்த எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க கடைக்குப் பார்லிமெண்டுன்னு பேராமே?"

"ஆமாய்யா, அவிய விளையாட்டா வச்சது."

"பேப்பர் வாசிச்சு அபிப்பிராயம் சொல்வீங்க?"

"சொல்லுவேன்."

"வரதட்சணைச் சட்டத்தைப் பத்தி? ராஜஸ்தான் விஷயத்தைப் பத்தி?"

"சொல்லிருக்கேன்."

"எங்க ஒரு பொண்ணு தீயில செத்தாலும் புருஷன் வீட்டாரைத் தண்டிக்கணும்கிறது உங்க அபிப்பிராயம். இல்லையா?"

ஜெயபாய் கொஞ்சம் தடுமாறினாள். "அது அபிப்பிராயம் அய்யா. கொண்டி நான் கண்ணால பாத்தது."

வக்கீல் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். இறந்தவளே மாஜிஸ்திரேட்டிடம் விபத்து என்று சொல்லியிருக்கும்போது, முன்கூட்டியே ஒரு கருத்தை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியின் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. இருவரும் விடுதலை.

தீர்ப்பு நாளன்று ராஜபாளையத்துக்கு எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். தங்கச்சாமியும் சங்கையாவும் பின் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பக்கம் ஜெயபாய் அருகில் மட்டும் இடம் காலியாக இருந்தது. சந்தனம் அக்காள் குழந்தையோடு வந்து அதில் உட்கார்ந்தாள். சற்று தூரம் போனதும், முன்னால் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்.

"அத்தை, கொண்டி மாட்டித்தான் இருந்துச்சா?"

"மாட்டித்தான் இருந்துச்சு தாயி."

சந்தனம் ஆச்சரியப்படவில்லை. மடியில் தூங்கிய குழந்தையின் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

"தெரிஞ்சும் ஏன்ட்டி வந்த?" என்று ஜெயபாய் கேட்டாள்.

"எங்கிட்ட யாரும் கேக்கலையே அத்தை" என்றாள் சந்தனம். "இப்பம் இது என்னையத்தான் அம்மான்னு கூப்புடுது."



மறுநாள் பெத்தம்மாள் கோவிலுக்குப் போயிருந்த நேரம். ஜெயபாய் சுத்தியலை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சமையல்கட்டுக் கதவின் கொண்டியைப் பெயர்த்துத் தெருமுனைச் சாக்கடையில் எறிந்தாள். சந்தனம் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. இருட்டுவதற்குள் தங்கச்சாமி கடைத்தெருவிலிருந்து புதுக் கொண்டி வாங்கி வந்து மாட்டிவிட்டான். சத்தம் போடவில்லை, சண்டைக்கும் வரவில்லை. மூன்று நாலு அடியில் ஆணி இறங்கிய சத்தம் மட்டும் கேட்டது. காசிராஜன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையை மடக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஜெயபாய் பேப்பர் வாங்குவதை நிறுத்தினாள். மில் ஆட்கள் பாதிப்பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மீதிப்பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போனார்கள். அயோத்தி, விலைவாசி, அடுத்த ஆட்சி என்று யாராவது பேச்செடுத்து அவள் முகத்தைப் பார்த்தால், உள்ளே போய்விடுவாள். தொண்ணூற்றி ஆறு தேர்தலில் ஓட்டுப் போடவும் அவள் போகவில்லை. பூத்துக்குக் கூப்பிட வந்த சங்கையாவிடம் உடம்புக்கு முடியவில்லை என்றாள். அவனும் வற்புறுத்தவில்லை.

ஆனால் தினமும் மத்தியானம் கடைக் கூட்டம் தணிந்ததும் கொல்லைச் சுவரோரம் போய் நிற்பாள். பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும். சந்தனம் அந்தப் பெண்பிள்ளையை அதட்டுகிற குரல் கேட்கும். கேட்ட பிறகுதான் உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிடுவாள். சில நாள் குரல் கேட்க வெகு நேரம் ஆகிவிடும். அந்த நாட்களில் சோறு ஆறிக் கிடக்கும், காசிராஜனும் கைகழுவாமல் காத்திருப்பார்.