பிள்ளையார்பாளையத்து ஊமைப் பெட்டி

காலை 6.10. பாரிமுனையிலிருந்து காஞ்சிபுரம் வண்டி புறப்பட்டது. சீட்டு மூன்று ரூபாய் நாற்பது காசு, தூரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். 1978-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் பார்க்கப் போகிறவர்களும் கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவர்களுமாக வண்டி நிறைந்திருந்தது. நான் இந்த இரண்டு காரியத்துக்கும் போகவில்லை. பழைய எஃப்.எம். டியூனர் ஒன்றை வாங்கப் போனேன். வெறுங்கையோடு வர மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

டியூனர் என்பது முழு ரேடியோ அல்ல. அதற்கு ஸ்பீக்கர் கிடையாது. ஒலிபரப்பைப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் வேறொரு ரேடியோவுக்கோ ஆம்ப்ளிஃபையருக்கோ கொடுக்கும், அவ்வளவுதான். சென்னையில் எஃப்.எம். என்ற புதுவகை ஒலிபரப்பு தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. மயிலாப்பூரில் நண்பர் ஒருவர் வீட்டில் பழைய வால்வு டியூனரில் அதைக் கேட்டேன். பாடகி அடுத்த வரிக்கு மூச்சு எடுப்பது கேட்டது. தம்புராவின் நான்கு தந்திகளும் தனித்தனியாகக் கேட்டன. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். நாள் முழுக்கப் பிழை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் ரேடியோவின் கரகரப்பும் பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழையாகத் தோன்ற ஆரம்பித்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

புது டியூனருக்கு என் சம்பளம் எட்டாது. தவிர, வால்வில் வரும் குரலுக்கு ஒரு கதகதப்பு உண்டு, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஏழு மாதம் தேடினேன். மூன்று பேர் தருவதாகச் சொல்லிக் கைவிரித்தார்கள். கடைசியில் ரிச்சி தெரு மெக்கானிக் ஒருவர், காஞ்சிபுரத்து நெசவாளர் சபாபதியிடம் ஒன்று இருப்பதாகச் சொல்லி முகவரி தந்தார். கார்டு போட்டேன். இருநூற்றைம்பது ரூபாய்க்குத் தருவதாகப் பதில் வந்தது.

7.25. ஸ்ரீபெரும்புதூரில் வண்டி நின்றது. பக்கத்து இருக்கையில் தாமல் கிராமத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர். எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

"மெட்ராஸ்ல கெடைக்காத ரேடியோவா காஞ்சிவரத்துல கெடைக்கப் போவுது?" என்றார்.

"அங்கதாங்க இருக்குது."

"பாடுதா?"

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

"பாடாத ரேடியோவுக்கு இம்மாந் தூரம் வந்துக்கினு இருக்கிறீங்க" என்று சொல்லி, மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தார். என்மேல் இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்றே நினைக்கிறேன்.

8.30. காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையத்துக்கு ரிக்‌ஷாவில் ஒரு ரூபாய் கேட்டார்கள், முக்கால் ரூபாய்க்குப் படிந்தது. சபாபதியின் தெரு கிழக்கு மேற்காக நீண்டு கிடந்தது. அதன் நடுவில், இடுப்பு உயரத்தில், தெரு நீளத்துக்குப் பாவு கட்டியிருந்தார்கள். சேலையின் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறியில் அதன் குறுக்கே ஓடுவது ஊடை. ஆயிரக்கணக்கான அரக்கு நிற இழைகள் வெயிலில் பளபளத்தன. நாலைந்து பேர் அவற்றை நீவி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள்.

"பாவு மேல கை படாம ஓரமா வாங்க சார்" என்றார் அவர்களில் ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு. அவர்தான் சபாபதி.

வீட்டுக்குள் தறிக்குப் பக்கத்தில், ஒரு மேசைமேல் டியூனர் இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல நிலைமை. தேக்குப் பெட்டி, தந்த நிறக் குமிழ்கள், நடுவில் ஒரு பச்சைக் கண். நிலையம் சரியாகப் பிடிபட்டால் இந்தக் கண்ணின் இரண்டு பச்சை இதழ்களும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பதினோரு வருஷத்துக்கு முன் மவுண்ட் ரோடு ஏலக்கடையில், அந்தக் கண்ணில் மயங்கி, ரேடியோ என்று நினைத்து வாங்கினாராம். வீட்டுக்குக் கொண்டுவந்து மின்சாரம் கொடுத்தால் கண் எரிந்தது, சத்தம் வரவில்லை. அன்று தெருவே கூடிச் சிரித்து ஊமைப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டது.

"பதினோரு வருசமா தொடைச்சு வச்சுக்கினே இருக்காரு சார்" என்றார் அவருடைய மனைவி பங்கஜம். ராட்டினத்தில் ஊடை நூல் சுற்றிக்கொண்டே பேசினார். "மெட்ராஸ்ல எஃப்.எம். வந்துடுச்சு, இனிமே பேசும்னாரு. பெரிய ரேடியோல கனெக்சனும் குடுத்தாச்சு. பாம்பு மாதிரி சீறிக்கினு இருக்குது. என்னால ஆவாது. இன்னைக்கே எடுத்துக்கினு போயிடுங்க."

அவருடைய கோபத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. பக்கத்து வீட்டில் பட்டு முறுக்கும் மெஷின் மோட்டார் விடிந்ததிலிருந்து ஓடும். அது ஓடினால் அவர்களுடைய சாதாரண ரேடியோவில் உறுமலைத் தவிர எதுவும் கேட்காது. பாட்டென்றால் அந்த அம்மாளுக்கு உயிர். மோட்டார் உறுமல் எஃப்.எம்.மில் ஏறாது என்று கணவர் சொன்னதை நம்பி, மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாந்திருக்கிறார்.

10.15. ஏரியலைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினோம். உயரமான மூங்கில் ஒன்று கைப்பிடிச் சுவரோடு தேங்காய் நார்க் கயிற்றால் கட்டியிருந்தது. உச்சியில் ஒரு குறுக்குக் கழி, அதில் நாலரை அடி செம்புக் கம்பி, நடுவில் வெட்டி இரட்டை ஒயர் இறக்கியிருந்தது. நீளத்தில் அரை அங்குலம்கூடத் தப்பில்லை. நெசவாளியின் கை அல்லவா.

"மெட்ராஸைப் பார்த்து வைன்னு மெக்கானிக் சொன்னாரு. கிழக்கால நூல் புடிச்சாப்ல நீட்டிட்டேன்" என்றார் சபாபதி.

தப்பு எங்கே என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. கழியின் நுனி சென்னையைக் குத்திக் காட்டிக்கொண்டிருந்தது. இந்த வகை ஏரியல் நுனிப் பக்கமாக எதையும் பிடிக்காது, அகலவாட்டில்தான் பிடிக்கும். சென்னை கிழக்கே இருந்தால் கழி வடக்கு தெற்காக இருக்க வேண்டும். கீழே தெருவில் நீட்டியிருந்த பாவைப் போலவே இவர் ஏரியலையும் நீட்டியிருக்கிறார். மூங்கிலைக் கால் சுற்று திருப்பினால் போதும்.

நான் சொல்லவில்லை. சொன்னால் டியூனர் பேசும், பேசினால் விற்க மாட்டார்கள். ஏழு மாதத் தேடல். "தூரம் அதிகம். இங்க எடுக்காது" என்றேன். ஒற்றுப் பிழையைக்கூட விடாமல் சிவப்பு மையில் சுழிக்கிறவன், இவ்வளவு பெரிய பிழையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு படி இறங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

12.40. சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார் பங்கஜம். முருங்கைக்கீரைப் பொரியல், கத்தரிக்காய்க் காரக்குழம்பு. இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது ரேடியோவைப் போட்டார். உறுமலுக்கு அடியில் யாரோ பாடுவது மங்கலாகக் கேட்டது. "ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல பாருங்க" என்று அணைத்துவிட்டார். மறுசோறு வேண்டாமென்று எழுந்துவிட்டேன்.

1.30. பணத்தைக் கொடுத்தேன். சபாபதி ஒயர்களைக் கழற்றி, பழைய வேட்டியை நாலாக மடித்து டியூனரைச் சுற்றினார். சேலை மடிப்பதுபோல ஓரம் சேர்த்து மடித்தார். முடிச்சுப் போடும்போது கேட்டார்: "உங்க வூட்ல இது பேசும் இல்ல சார்?"

"பேசும்."

"அது போதும் சார். பேசிச்சுன்னா ஒரு கார்டு போடுங்க. தெருவுல காட்டணும், இது ஊமை இல்லன்னு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "பிரிங்க" என்றேன்.

"இன்னா சார்?"

"முடிச்சைப் பிரிச்சு ஒயரை மாட்டுங்க. ஏரியலைப் பாவாக் கட்டிட்டீங்க. ஊடையாக் கட்டணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். அதற்குமேல் ஒரு விளக்கமும் அவருக்குத் தேவைப்படவில்லை. என்னிடம் மூட்டையைக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினார். நான் அவசர அவசரமாக டியூனரை மாட்டி, வால்வுகள் சூடாகும்வரை காத்திருந்தேன். சீறல் வந்தது. மேலே கயிறு அவிழ்வதும் மூங்கில் சுவரில் உராய்வதும் கேட்டன. நிலையம் காட்டும் முள்ளை வலது ஓரத்துக்கு மெல்ல நகர்த்தினேன்.

சீறல் நின்றது. பச்சை இதழ்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டன. ஒரு வீணை. பக்கத்து வீட்டு மோட்டார் சுவருக்கு அந்தப்புறம் உறுமிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பெட்டிக்குள் உறுமல் இல்லை. தந்தியை இழுத்து விடும்போது விரல் பித்தளை மெட்டில் உரசுவதுகூடக் கேட்டது. பங்கஜத்தின் கை ராட்டினத்தில் அப்படியே நின்றது. சபாபதி மூச்சிரைக்க வந்து வாசற்படியில் நின்றார்.

வாசிப்பு முடிந்ததும் பங்கஜம் எழுந்து போய், நான் கொடுத்த பணத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "தப்பா நெனைச்சுக்காதீங்க சார். இது இங்கியே இருக்கட்டும்" என்றார். கேட்கும் குரலாக இல்லை, முடிவு செய்துவிட்ட குரல். நான் பணத்தை எடுத்துக்கொண்டேன்.

4.45. வழியனுப்ப சபாபதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேருந்து நிலையம்வரை நடந்து வந்தார். பாதி வழியில் சொல்லிவிட்டேன்: "காலையில மாடி ஏறினப்பவே எனக்குத் தெரியுங்க. வேணும்னுதான் சொல்லல."

அவர் சைக்கிளைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிலையத்தில் சென்னை வண்டி தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலோரம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஒண்ணே ஒண்ணு சார். எடுத்துக்கினு போயிருந்தீங்கன்னா, வூட்ல வச்சு நிம்மதியா கேட்டிருப்பீங்களா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "கேட்டிருப்பேங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நாங்களும் அப்டித்தான் சார். உங்களை வெறுங்கையோட அனுப்பிட்டு, நிம்மதியாத்தான் கேக்கப் போறோம்" என்றார். வண்டி நகர்ந்தது.

7.20. சென்னை. ஒலிபரப்பு நிலையத்திலிருந்து என் வீடு நடந்து போகும் தூரம்தான். இங்கே எனக்குக் கரகரப்பு, எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் பிள்ளையார்பாளையத்தில் சுத்தமான குரல். என்ன வாங்கி வந்தீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். அரக்கோணத்தில் ஒருவரிடம் டியூனர் இருப்பதாகக் கேள்வி, அடுத்த ஞாயிறு போகத்தான் போகிறேன். ஆனால் அன்று இரவுக் கச்சேரிக்கு ரேடியோவைப் போட்டபோது என்னை உறுத்தியது கரகரப்பு அல்ல. "கேட்டிருப்பேன்" என்று நான் சொன்னது நிஜம். பங்கஜத்தின் வீட்டிலிருந்து அந்த வீணையைத் தூக்கிவந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையசைத்துக் கேட்டிருப்பேன்.