அவர் நாயின் ரத்தம்

திராட்சைத் தோட்டத்துக்குள் புகுந்த காட்டுப்பன்றி என் நாயின் விலாவைக் கிழித்துவிட்டது. தேனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஆட்டோ இருக்கை நனைந்துபோனது. தையல் போட்ட டாக்டரம்மா, ரத்தம் ஏற்றாவிட்டால் தாங்காது என்றார். கெங்குவார்பட்டிப் பக்கம் நாய்ப்பண்ணை வைத்திருந்த ஒருவர், இப்படி அவசரம் என்றால் தன் லேப்ரடாரைக் கொண்டுவருவார். அவரைக் கூப்பிட்டார்கள்.

லேப்ரடாருக்கு உண்ணிக் காய்ச்சல் எப்போதாவது வந்ததா என்று டாக்டரம்மா இரண்டு முறை கேட்டார். "ஒரு நாளும் வந்ததில்ல மேடம், பிள்ளை மாதிரி வளக்குறேன்" என்றார் அவர். அதன் ரத்தத்தில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதும் எதுவும் தெரியவில்லை. முழுப் பரிசோதனை முடிவு வர நாளாகும். எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. பண்ணைக்காரரின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

காயம் ஆறியது. மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது, ஈறு வெளுத்தது, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. நான்கே நாளில் நாய் செத்துப்போனது. ரத்த அணுக்களுக்குள் ஜோடி ஜோடியாக இருந்த கிருமிகளை டாக்டரம்மா எனக்குக் காட்டினார். ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம், தோட்டத்து உண்ணி கடித்தும் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

உறுதியை எனக்குக் கொடுத்தவள் என் அக்கா மகள். ஆண்டிபட்டியில் கால்நடை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அந்த மனிதர், என் நாய்க்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, தன் லேப்ரடாரின் உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து வாங்கிப் போனதாகச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா, ரத்தம் ஏற்றுவதால் நாய்களுக்குப் பரவும் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்த லேப்ரடாரின் ரத்தம் ஏறிய நாய்களை வீடு வீடாகத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் போகிறேன் என்றேன். அவருக்கு அது ஆராய்ச்சி, எனக்குப் பழி.

ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரம்மாவின் உதவியாளரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவேன். உதவியாளர் நாயிடம் ரத்தம் எடுக்கும்போது, வீட்டுக்காரர்களிடம் பண்ணைக்காரரின் பொய்யைச் சொல்வேன். அவர்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்வேன். மயிலாடும்பாறையில் ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர், தான் ஆட்டு எலும்பு போட்டதால்தான் நாய் செத்தது என்று சில மாதமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அன்று திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது.

பரிசோதித்த நாய்களில் இரண்டுக்கு அதே கிருமி இருந்தது. செய்தி பரவியது. பண்ணைக்காரரிடம் குட்டி வாங்க ஆள் வருவது நின்றது.

பிறகு அந்த லேப்ரடாருக்கே காய்ச்சல் திரும்பி வந்தது. அதற்கு இப்போது ரத்தம் வேண்டும். சோதித்துச் சுத்தம் என்று தெரிந்த நாய்களில், கூப்பிடு தூரத்தில் இருந்தது என் அக்கா வீட்டு நாய். டாக்டரம்மா என்னிடம் கேட்டார். கொண்டுவருகிறேன், அதற்கு முன் பண்ணைக்காரர் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

ஆஸ்பத்திரியில் கோழியும் பூனையும் ஆட்டுக்குட்டியுமாகக் காத்திருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள்.

"அங்கன உக்காந்திருக்காகள்ல, அவுகளுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்கண்ணே. ஒங்க நாய்க்குக் காய்ச்சல் வந்துச்சா, இல்லையா?"

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தலை நிமிரவில்லை.

"வந்துச்சு. மருந்து குடுத்தேன், சரியாயிருச்சுன்னு நெனச்சு மறைச்சுட்டேன்."

"இன்னும் சத்தமா."

அவர் மறுபடி சொன்னார். எனக்குப் போதவில்லை.

அக்கா வீட்டு நாயைக் கொண்டுவந்தேன். ரத்தம் இறங்கும்வரை லேப்ரடாரின் காலை அசையாமல் பிடித்திருந்தவள் நான்தான். அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிழைத்துக்கொண்டது. இனி எந்த நாய்க்கும் இது ரத்தம் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மாவை அதன் சீட்டில் எழுத வைத்து, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே வெளியே வந்தேன்.

போன மாதம் தேனி பஸ் ஸ்டாண்டில் பண்ணைக்காரர் எதிரே வந்து, "நல்லா இருக்கீகளாக்கா?" என்றார். நான் பஸ் ஏறிவிட்டேன். இதோடு விடுங்களேன் என்று டாக்டரம்மாகூடச் சொல்லிவிட்டார். அவர் நாய் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவர் பண்ணையை மூடியதில் அதைவிடச் சந்தோஷம். அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.