அண்ணன் கேட்ட ஏலம்

ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்பக்கம் இருந்த எங்கள் தெருவில் பலசரக்குக் கடை, டீக்கடை, சைக்கிள் கடை என்று எல்லாம் உண்டு. புத்தகம் என்றால் கோவிலுக்கு முன்னால் இருந்த ஒற்றை ரூம்தான். கோவிலுக்குச் சொந்தமான அந்த ரூமில் ஒரு பெரியவர் புத்தகக் கடை வைத்திருந்தார். ரீலிங் செக்‌ஷனில் நூல் சுற்றும் எங்களுக்கு ஷிப்ட் முடிந்ததும் கால் நேரே அங்கேதான் போகும். தலையெல்லாம் பஞ்சோடு போய் நிற்போம். "உதறிட்டு உள்ள வாங்க தாயி, பொஸ்தகமெல்லாம் நரைச்சிரும்" என்பார். வாங்காமல் நின்றபடியே பாதிக் கதையைப் படித்தாலும் விரட்ட மாட்டார்.

எண்பதுகளின் நடுவில் அவருக்குக் கண் மங்கிப்போனது. மகன் வந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். கோவில்காரர்கள் ரூமில் பந்தல் கம்புகளைப் போட்டுப் பூட்டினார்கள். பஜாரில் போய்க் கதைப் புத்தகம் கேட்டால், மில்லுக்காரிக்கு எதுக்கு இதெல்லாம் என்கிற மாதிரி கடைக்காரன் மேலும் கீழும் பார்ப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு நல்ல கடை இருந்தது. நாள் பூராவும் நின்ற காலோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அங்கே எத்தனை பேர் போவார்கள்? பாதிப் பேர் படிப்பதையே விட்டுவிட்டார்கள். அந்த ரூமில் மறுபடியும் புத்தகக் கடை வர வேண்டும், நானே வைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. அந்தத் தேரடிக் கடைக்காரரிடம் பேசினேன். "கொண்டுபோய் வில்லும்மா. விக்காததத் திருப்பிக் குடுத்திரு" என்றார். மகராசன்.

கோவில் பொங்கல் முடிந்த மறுநாள் முற்றத்தில் ஏலம் நடக்கும். கோவில் புளியமரத்துக் காய்ப்பு, தென்னை, அந்த ரூம் எல்லாவற்றையும் கோவில் நிர்வாகம் பார்க்கும் பெரியவர் ஒரு வருசத்துக்கு ஏலம் விடுவார். அன்றைக்குப் பெண்கள் முற்றத்துக்குள் போவதில்லை. சுவருக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இன்னொரு வழக்கமும் உண்டு. தெருவுக்கே பொதுவான நல்ல காரியத்துக்காக என்று ஒருவர் சபையில் சொல்லிவிட்டுக் கேட்டால், அவரை மீறி யாரும் ஏற்றிக் கேட்க மாட்டார்கள்.

எனக்காக அண்ணன் நின்றான். "என் தங்கச்சி இங்கன பொஸ்தகக் கடை போடப் போறா. நம்ம தெருப் பிள்ளையளுக்காக" என்று கணீரென்று சொன்னான். யாரும் ஏற்றிக் கேட்கவில்லை. ரூம் அண்ணன் பேருக்கு விழுந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் ரீலிங்காரிகள் எல்லாரும் சேர்ந்து குலவை போட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அண்ணனை நினைத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் புத்தகக் கட்டுகளோடு பஸ் ஏறினேன். "என்னக்கா, எல்லாரும் பால்கோவா வாங்கிட்டு வருவாக, நீங்க பொஸ்தகத்த வாங்கிட்டு வாரிய?" என்று கண்டக்டர் கேலி பண்ணினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

தெருவுக்குள் நுழைந்தால் மைக் சத்தம். ரூம் திறந்திருந்தது. வாசலில் கயிறு கட்டி லாட்டரிச் சீட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே இது?"

"கோவிச்சிக்கிடாத. சீட்டு ஏஜென்சி கிடைச்சிருச்சு. பொஸ்தகத்த இந்தத் தெருவுல எவன் வாங்குவான்?"

"என் பேரச் சொல்லித்தானே ஏலம் கேட்ட?"

"சொல்லாட்டி விட்டிருப்பானுகளா?" என்று சிரித்தான் பாவி.

அம்மா சூடத்தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். கடை திறப்புக்குச் சூடம் காட்டியவளே அவள்தான். அன்று காலையில் எனக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்து, "மெதுவா வா, அவசரமில்ல" என்று அனுப்பியவளும் அவள்தான்.

"உனக்கு முன்னயே தெரியுமாம்மா?"

"தெரிஞ்சா என்னட்டீ? நீ நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ. கடை அவன் கையில இருந்தாத்தான் குடும்பத்துக்கு நிக்கும்."

கட்டுகளை நடுத்தெருவிலேயே போட்டுவிட்டுக் கோவில் பெரியவரிடம் ஓடினேன். "ஏலம் அவன் பேருல விழுந்திருச்சு தாயி. வீட்டு விவகாரத்த வீட்டுலயே பேசிக்கோங்க" என்றார். புத்தகக் கடை என்று கேட்டபோது மட்டும் அது தெரு விவகாரமாக இருந்தது. மறுநாள் மில்லில் பக்கத்து மெஷின்காரி, "குடும்பமாச் சேந்து தெருவையே ஏமாத்திட்டீகளே" என்றாள். அண்ணன் செய்ததை விட அந்தச் சொல் என்னை அதிகமாகச் சுட்டது. எனக்காகக் குலவை போட்டவள் அவள். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தேரடிக் கடைக்காரர் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். நான்தான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

வருசம் முழுக்க அந்த மைக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அதே வீட்டில், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தேன். அடுத்த பொங்கல் முடிந்து ஏலம் வந்தது. நான் முற்றத்துக்குள் நடந்தேன்.

"பொம்பளைக்கு இங்கன என்ன வேல?" என்று ஒரு குரல் வந்தது.

"என் பேரச் சொல்லி ஏலம் விடத் தெரியுதுல்ல? நானே கேக்கேன், விடுங்க" என்றேன். பயமில்லை, கோபம்.

நான் கேட்டேன். அண்ணன் ஏற்றிக் கேட்டான். நான் ஏற்றினேன். சுவருக்கு வெளியே நின்ற ரீலிங்காரிகள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து என் பின்னால் நின்றார்கள். பக்கத்து மெஷின்காரியும் வந்தாள். அப்போது அம்மா வந்து என் கையைப் பிடித்தாள். எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று ஒரு நிமிசம் நினைத்துவிட்டேன்.

"விட்டுக் குடுட்டீ. அவன் பிள்ளகுட்டிக்காரன். ஊரு முன்னால அவன அசிங்கப்படுத்தாத."

அவள் பிடித்த பிடியிலேயே இன்னும் ஏற்றிக் கேட்டேன். அண்ணன் மறுபடி வாயைத் திறந்தான். கோவில் பெரியவர் கையைக் காட்டினார். "போதும்ப்பா. போன வருசம் பொஸ்தகக் கடைன்னு சொல்லித்தான வாங்குன? இந்த வருசமாவது அது வரட்டும்." ரூம் எனக்கு விழுந்தது. அம்மா கையை விட்டுவிட்டு அண்ணனோடு போனாள்.

கடை வந்தது. வருசா வருசம் நானே ஏலம் எடுத்து, தொண்ணூறுகள் முழுக்க நடத்தினேன். ஷிப்ட் முடிந்து பஞ்சோடு வருகிறவர்களை நான் உதறக்கூடச் சொன்னதில்லை.

ரூம் எனக்கு விழுந்த அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அண்ணன் தூக்கி எறிந்திருந்தால் தெருவே கேட்கத் திட்டித் தீர்த்திருப்பேன். பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து, ஓரம் சேர்த்து, அடுக்கி வைத்திருந்தாள் அம்மா.